‘போய் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போக வழி செய்யுங்கள்

மருத்துவமனை, கல்லூரி, தொழில் நிறுவனம் என எதுவாக இருந்தாலும், பணியாளர்களின் விடுப்பு மனுக்கள் யாருடைய கையெழுத்தில் முடிவாகின்றனவோ அந்தப் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் நான். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு நாட்டின் மாவட்ட மருத்துவமனை ஒன்றில் இரண்டாண்டுகள் தன்னார்வலராகப் பணியாற்றும் வாய்ப்பு வந்தபோது, அன்று நான் வேலை பார்த்த இடத்தில் விடுப்புக் கேட்டேன். விடுப்புப் படிவத்தில் மகப்பேறு, மருத்துவம், உயர்கல்வி, சொந்தக் காரணம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. என் காரணம் எதிலும் அடங்கவில்லை என்பதால், கடைசியில் இருந்த ‘இதர’ என்ற கட்டத்தில் குறியிட்டு, ஒரு பக்க விளக்கமும் எழுதி இணைத்தேன். மூன்று வாரம் கழித்து அழைத்தார்கள். மேலதிகாரி அன்பாகத்தான் பேசினார். நல்ல எண்ணம், பாராட்டுகிறேன், ஆனால் இதற்கு விதியில் இடமில்லை, வேண்டுமானால் ராஜினாமா செய்துவிட்டுப் போங்கள், திரும்பி வரும்போது காலியிடம் இருந்தால் பார்க்கலாம் என்றார். ராஜினாமா செய்துவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தபோது காலியிடம் இல்லை. ஏழு மாதம் வேலை தேடினேன். ஒரு நேர்காணலில், இடையில் இந்த இரண்டாண்டும் சும்மாவா இருந்தீர்கள் என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வியை இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. எனக்குப் பிறகு அதே படிவத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, நிரப்பாமலேயே திருப்பி வைத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

வெளிநாடு சென்று தொண்டு செய்ய ஆள் கிடைப்பதில்லை, இந்தக் காலத்து இளைஞர்களுக்கு அந்த மனம் இல்லை என்று மேடைகளில் பேசுகிறார்கள். நான் கண்டது வேறு. திரும்பி வந்த பிறகு என்னிடம் விசாரித்த செவிலியர்கள், ஆய்வகத் தொழில்நுட்பர்கள், ஆசிரியர்கள், குடிநீர்ப் பொறியாளர்கள் ஆகியோரை விரல்விட்டு எண்ண முடியாது. எந்த நாட்டுக்கு அனுப்புவார்கள், மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா, மலேரியாவுக்கு என்ன செய்வது என்று தொடங்குவார்கள். அதற்கெல்லாம் பதில் இருக்கிறது. தடுப்பு மாத்திரை இருக்கிறது, மஞ்சள் காய்ச்சலுக்குப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே ஊசி போட்டுக்கொண்டால் ஆயுளுக்கும் போதும், மொழியை மூன்று மாதத்தில் ஓரளவு பிடித்துவிடலாம். ஆனால் பேச்சு கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்: வேலை என்னாகும்? வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, பணிமூப்பு போய்விடும், ஓய்வூதியக் கணக்கில் இடைவெளி விழும், நாற்பது வயதில் மறுபடி முதல் படியிலிருந்து ஏற முடியுமா? இந்த இடத்தில் என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் பதில் உங்களிடம் இருக்கிறது. விடைபெறும்போது தமிழில் நாம் ‘போகிறேன்’ என்பதில்லை, ‘போய் வருகிறேன்’ என்கிறோம். போவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வருவதற்கு வழி வைப்பதுதான் நான் உங்களிடம் கேட்பது.

அங்கே போய் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எனக்குத் தெரிந்த வேலையைக் கொண்டே சொல்கிறேன்.

சுவாஹிலி பேசும் அந்த ஊரில் கைவேலை தெரிந்தவரை ‘ஃபுண்டி’ என்பார்கள். தச்சரும் ஃபுண்டி, கொத்தனாரும் ஃபுண்டி, வானொலிப்பெட்டி சரிசெய்பவரும் ஃபுண்டி. போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே நானும் ஃபுண்டி ஆகிவிட்டேன். குழந்தைகள் வார்டின் சுவரோரம், பழைய படுக்கை விரிப்பால் மூடப்பட்டு, காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் ஐந்து ஆக்ஸிஜன் செறிவூட்டிகள் நின்றன. ஐந்தும் நன்கொடையாக வந்தவை, ஒன்றும் ஓடவில்லை. இரண்டடி தள்ளி, நிமோனியாவில் விலா எலும்புகள் உள்ளிழுக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகளுக்கு, இருந்த ஒரே சிலிண்டரைக் குழாயைப் பிரித்துப் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார் செவிலியர். விரிப்பை விலக்கிப் பார்த்தேன். இரண்டு கருவிகள் 110 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டவை. 230 வோல்ட் மின்சாரத்தில் நேராகச் செருகியதால் கருகியிருந்தன. இன்னொன்றில், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆக்ஸிஜனை வெளியே விட வேண்டிய ஸியோலைட் மணிகள் ஈரமேறிக் கெட்டுப்போயிருந்தன. மீதி இரண்டில் பழுது என்று சொல்ல ஒன்றுமே இல்லை. காற்று உள்ளே போகும் வழியில் இருக்கும் வடிகட்டிப் பஞ்சில் செம்மண் தூசி அப்பிக்கிடந்தது, அவ்வளவுதான். சோப்புத் தண்ணீரில் அலசி, உலர்த்தி, மாட்டி ஓடவிட்டோம். அளந்து பார்த்தபோது ஒன்று 93 சதவீத ஆக்ஸிஜன் தந்தது, மற்றது 88. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் 82-க்குக் குறையக் கூடாது என்பது.

இந்தக் கதையை இங்கே முடித்தால் நான் பெரிய கெட்டிக்காரன் போலத் தோன்றும். ஆனால் நான்கு மாதம் கழித்து அதே இரண்டு கருவிகளும் அதே தூசியால் மறுபடி நின்றுபோயின. காரணம் நான்தான். கையில் கருவி கிடைத்த சந்தோஷத்தில் நானே எல்லாவற்றையும் செய்து முடித்தேனே தவிர, யார் எப்போது பஞ்சை அலச வேண்டும் என்று எவரோடும் உட்கார்ந்து பேசவில்லை. அங்கே ஏற்கெனவே பணியில் இருந்த இளம் தொழில்நுட்பர் ஒருவர் இதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் சொன்னார்: “ஃபுண்டி, நீங்கள் கருவியைச் சரிசெய்கிறீர்கள், நாங்கள் வேடிக்கை பார்க்கிறோம். நீங்கள் போன பிறகும் வேடிக்கைதான் பார்ப்போம்.” அன்றிலிருந்துதான் என் வேலை உண்மையில் தொடங்கியது. இருவரும் சேர்ந்து ஒரு பதிவேடு போட்டோம். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண், ஓடிய மணிக்கணக்கு, ஒவ்வொரு திங்கட்கிழமையும் வடிகட்டி அலசியவரின் கையொப்பம். அலசும் பொறுப்பை வார்டைத் துப்புரவு செய்யும் அம்மையார் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். ஜெனரேட்டருக்கு மாறும் நொடியில்தான் பெரும்பாலான கருவிகள் கருகுகின்றன என்பதை அந்த இளைஞர் எனக்குச் சொல்லித்தந்தார். மின்சாரம் அடிக்கடி போகாத இடத்திலேயே வேலை பார்த்துப் பழகிய எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அந்தப் பதிவேடு பழக்கமாக மாற ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. இரண்டாண்டு விடுப்பு எதற்கு, இரண்டு வாரம் போதாதா என்று கேட்பவர்களுக்கு அந்த ஓராண்டைத்தான் பதிலாகக் காட்ட முடியும்.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டுமன்று. 16 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவக் கருவிகளின் நிலையைத் தொகுத்துப் பார்த்து 2011-இல் வெளிவந்த ஆய்வொன்று, வசதி குறைந்த நாடுகளில் ஏறக்குறைய 40 சதவீதக் கருவிகள் ஓடாமல் கிடக்கின்றன என்று கண்டது. பணம் திரட்டினால் கருவியை வாங்கி அனுப்பிவிடலாம். அதைத் தொடர்ந்து ஓடவைக்கும் பழக்கத்தைப் பெட்டியில் கட்டி அனுப்ப முடியாது, அதற்கு ஆள்தான் போக வேண்டும். மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தருவது, பள்ளி ஆசிரியர்களோடு சேர்ந்து பாடத்திட்டம் வகுப்பது, கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கை ஒழுங்குபடுத்துவது என எந்தப் பணியை எடுத்தாலும் இதே கதைதான்.

வெளிநாட்டுத் தொண்டர் என்றதும் நம் மனத்தில் எழும் உருவங்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கனடா நாட்டு மருத்துவர் நார்மன் பெத்யூன் 1938-இல் சீனாவின் போர்முனைக்குச் சென்றார். அடுத்த ஆண்டு அறுவைச் சிகிச்சையின்போது ஏற்பட்ட காயத்தில் நச்சேறி அங்கேயே இறந்தார். அதே 1938-இல் இந்தியாவிலிருந்து சீனாவுக்குச் சென்ற ஐந்து மருத்துவர்களில் ஒருவரான துவாரகாநாத் கோட்னிஸ், 1942-இல் தம் 32-ஆம் வயதில் அங்கேயே மறைந்தார். இருவருக்கும் சிலைகள் உண்டு, வைக்கத்தான் வேண்டும். ஆனால் திரும்பி வராதவர்களுக்குச் சிலை வைத்த நாம், திரும்பி வருபவர்களுக்கு ஒரு நாற்காலி வைத்திருக்கிறோமா என்பதுதான் என் வருத்தம். கோட்னிஸோடு சென்றவர்களில் திரும்பி வந்தவர்களின் பெயர்களை இன்று எத்தனை பேர் சொல்லுவார்கள்? தொண்டு என்றால் எல்லாவற்றையும் துறந்துவிட்டுப் போவது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அதனால்தான், வேலையைத் தக்கவைத்துக்கொண்டு போக விரும்புகிறவரைப் பார்த்து ‘அப்படியென்றால் என்ன தியாகம்’ என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த மருத்துவமனைக்கு என் தியாகம் தேவைப்படவில்லை. வடிகட்டியை அலச வேண்டும் என்று தெரிந்த ஓர் ஆள்தான் தேவைப்பட்டார்.

இந்தத் துறையில் நீண்ட நாள் நிலைத்த திட்டங்களைப் பார்த்தால், அவை திரும்பி வரும் வழியையும் யோசித்துத்தான் ஆளை அனுப்பியிருக்கின்றன. அமெரிக்காவில் 1961 மார்ச் மாதம் கென்னடி தொடங்கிவைத்த பீஸ் கோர் அமைப்பின் வழியாக இதுவரை 2,40,000-க்கும் அதிகமானோர் 140-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றிருக்கிறார்கள். பயிற்சியும் பணியும் சேர்ந்து 27 மாதம். முடித்துத் திரும்புகிறவருக்கு மறுவாழ்வைத் தொடங்க 10,000 டாலருக்கு மேல் ஒரு தொகை தருகிறார்கள். அரசுப் பணிகளில் பொதுப் போட்டியின்றி நியமனம் பெற ஓராண்டுக் காலத் தகுதி தருகிறார்கள். பின்னாளில் அரசுப் பணியில் சேர்ந்தவர் உரிய தொகையைக் கட்டினால் அந்தத் தொண்டுக் காலம் ஓய்வூதியக் கணக்கிலும் சேர்கிறது. பிரான்ஸில் 1995-லிருந்தே ‘பன்னாட்டு ஒருமைப்பாட்டு விடுப்பு’ என்று ஒன்று தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது. ஆறு மாதம் வரை சம்பளமில்லா விடுப்பில் போகலாம், திரும்பி வந்தால் அதே வேலையோ அதற்கு நிகரான வேலையோ தர வேண்டியது முதலாளியின் கடமை. ஆறு மாதம் போதாது என்பது என் கருத்து. ஆனாலும் விடுப்பு ஒரு சலுகையாக இல்லாமல் சட்டத்தில் எழுதிய உரிமையாக இருப்பது பெரிய விஷயம். ஜப்பான் 1965-இல் லாவோஸுக்கு முதல் குழுவை அனுப்பித் தொடங்கிய வெளிநாட்டு ஒத்துழைப்புத் தன்னார்வலர் திட்டத்தில், வேலையில் இருந்தபடியே கலந்துகொள்ளத் தனி வழி இருக்கிறது. பள்ளி ஆசிரியர்களுக்கென்றே ஓர் ஏற்பாடு செய்து, ஆசிரியர் பதவியை விடாமலேயே அவர்களை அனுப்புகிறார்கள்.

அடுத்து, உங்களுக்கு எழும் மறுப்புகளுக்கு வருகிறேன். அவற்றில் பாதி நியாயமானவை, ஒன்று மிகவும் நியாயமானது.

அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். வெளிநாட்டுத் தொண்டு என்ற பெயரில் நடப்பதில் கணிசமான பகுதி தொண்டே அன்று என்று உங்களில் யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். மெக்சிகோவின் கிராமங்களுக்கு உதவப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களை 1968-இல் எதிரே வைத்துக்கொண்டே, தயவுசெய்து உதவ வராதீர்கள் என்று சமூக விமர்சகர் இவான் இல்லிச் கேட்டுக்கொண்டார். அவர் சொன்னதில் கசப்பு அதிகம், ஆனால் உண்மையும் இருந்தது. பயிற்சி இல்லாதவர் சுவர் கட்டப் போனால், அந்த ஊர்க் கொத்தனாரின் கூலிதான் போகிறது. இதைவிட மோசமானது அநாதை இல்லச் சுற்றுலா. இரண்டு வாரம் குழந்தைகளோடு விளையாடிப் படம் எடுத்துக்கொள்ளக் காசு கொடுத்து ஆட்கள் வரத் தொடங்கியதும், சில நாடுகளில் அந்தக் காசுக்காகவே இல்லங்கள் பெருகின. கம்போடியாவில் அத்தகைய இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்ததை யுனிசெஃப் வெளிக்கொணர்ந்தது. இல்லங்களை நிரப்புவதற்காகக் குழந்தைகளைக் கடத்துவது நவீன அடிமை முறையின் ஒரு வடிவம் என்று ஆஸ்திரேலியா 2018-இல் ஏற்றுக்கொண்டது. 2019-இல் ஐ.நா. பொதுச் சபையே இது குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆகவே, யார் கேட்டாலும் அனுப்பிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உண்மையில் இந்தச் சீர்கேட்டுக்கு உங்கள் விடுப்பு விதிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. தொழில் தெரிந்தவர் இரண்டாண்டு போக முடியாமலிருக்கும்போது, தொழில் தெரியாதவர் இரண்டு வாரம் போவது மட்டுமே மிஞ்சுகிறது. யார் போகலாம், யார் போகக் கூடாது என்பதைத் தொண்டு மனம் தீர்மானிப்பதில்லை, விடுமுறை நாட்களின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது.

இங்கே வேலை கெடும் என்பது அடுத்த மறுப்பு. கெடாது என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் தடுமாறும். ஆனால் மகப்பேற்று விடுப்புக்கும் மேற்படிப்புக்கும் அயற்பணிக்கும் ஆட்களை அனுப்பிவிட்டு இடைக்கால ஏற்பாடு செய்யும் கலை உங்களுக்குப் புதிதன்று. அவற்றில் சில திடீரென்று வருபவை. தன்னார்வப் பணிக்கோ ஆறு மாதத்துக்கு முன்பே நாள் தெரிந்துவிடும். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்களே என்று அஞ்சுவதற்கும் இடமில்லை. சம்பளத்தை விட்டு, குடும்பத்தைப் பிரிந்து, மின்சாரம் நிலையில்லாத ஊரில் இரண்டாண்டு இருக்க எல்லோரும் வரிசையில் நிற்பார்கள் என்று நான் நம்பவில்லை, நீங்களும் நம்பவில்லை.

‘போனவர் திரும்பி வர மாட்டார்’ என்பதும் அடிக்கடி கேட்பதுதான். ராஜினாமா செய்துவிட்டுப் போகச் சொன்னால் வர மாட்டார்தான். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியாக, நம் வீட்டு வாசலிலேயே தேவை இருக்கும்போது கடல் கடந்து ஏன் போக வேண்டும் என்ற கேள்வி. இதை எளிதில் ஒதுக்க நான் விரும்பவில்லை. ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் மாதந்தோறும் 86 கோடிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகையில் தன்னார்வப் பணி செய்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தம் தெருவிலும் தம் ஊரிலும்தான் செய்கிறார்கள். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். வெளிநாட்டுத் தொண்டு அதற்கு மாற்று ஆகாது. ஆனால் ஒரு நாட்டில் பத்துப் பேருக்குத் தெரிந்த ஒரு கைவேலை இன்னொரு நாட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இருப்பது இன்றும் உண்மை. அந்த வேலையை மூன்றாவது ஒரு நாட்டுக்காரர் நமக்கு வந்து கற்றுத்தந்திருப்பதும் உண்மை. தென்கொரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1966 முதல் 1981 வரை அந்த நாட்டுப் பள்ளிகளிலும் சுகாதார நிலையங்களிலும் பீஸ் கோர் தன்னார்வலர்கள் பணியாற்றினார்கள். 1990-இல் அதே கொரியா தன் தன்னார்வலர்களைப் பிற நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. ஒன்பதே ஆண்டு இடைவெளி. ஐ.நா. தன்னார்வலர்களிலும் இன்று பெரும்பாலோர் வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்களே. பணக்கார நாட்டவர் ஏழை நாட்டுக்குப் படியளப்பது என்ற பழைய படம் எப்போதோ மாறிவிட்டது.

இவை அனைத்துக்கும் அடியில் இன்னொரு லாபம் இருக்கிறது. அதை முதன்மையான காரணமாகச் சொல்ல எனக்குக் கூச்சம். அங்கிருந்து திரும்பிய பிறகு நான் வேலை பார்க்கும் விதமே மாறிவிட்டது. உதிரிப்பாகம் வருவதற்கு ஆறு மாதம் ஆகும் என்று தெரிந்த இடத்தில், ஒரு கருவியைத் திறப்பதற்கு முன் அரை மணி நேரம் அதன் சத்தத்தைக் கேட்டு யோசிக்கப் பழகியிருந்தேன். பாதி புரிந்த மொழியில் வேலை வாங்கியவனுக்கு, யாரிடம் எதைச் சொன்னாலும் அவருக்குப் புரிந்ததா என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்ளும் வழக்கம் வந்துவிடுகிறது. இது உங்களுக்கும் பயன்படும். ஆனால் தயவுசெய்து இதைத் தலைமைப் பண்புப் பயிற்சி என்று பெயரிட்டு விளம்பரக் கையேட்டில் அச்சிடாதீர்கள். நிமோனியாவில் படுத்திருந்த குழந்தைகள் என் பயிற்சிக்காக அங்கே படுத்திருக்கவில்லை.

இனி நான் கேட்பது. தன்னார்வப் பணிக்கு இரண்டாண்டு வரை சம்பளமில்லா விடுப்பு உண்டு என்று உங்கள் பணி விதிகளில் எழுதுங்கள். மேலதிகாரியின் நல்ல மனத்தை நம்பியிருக்கும் சலுகையாக அது இருக்கக் கூடாது. நல்ல மனம் படைத்தவர் மாறுதலாகிப் போனால் சலுகையும் கூடவே போய்விடும். அந்த இரண்டாண்டுக்கும் பணிமூப்பு முறியாமல் இருக்கட்டும். ஓய்வூதியப் பங்களிப்பைத் தொடர வழி இருக்கட்டும். இந்த இரண்டும் இல்லாத விடுப்பு மரியாதையான ராஜினாமாவே தவிர வேறில்லை. சம்பளம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஐ.நா. தன்னார்வலர்களுக்கு வாழ்க்கைச் செலவுப் படியும் பயணச் செலவும் மருத்துவக் காப்பீடும் உண்டு, ஒழுங்கான பிற அமைப்புகளும் இவற்றைத் தருகின்றன. கைக்காசைச் செலவழித்துத்தான் போக வேண்டும் என்று ஓர் அமைப்பு சொன்னால், அந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் பணியாளரை ஒரு கணம் நிதானிக்கச் சொல்லுங்கள்.

மனுவைப் பரிசீலிக்கும்போது எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை என்றால் மூன்றே கேள்விகள் கேட்டால் போதும். இந்த ஆள் வேண்டும் என்று அங்கே கேட்டது யார், அனுப்பும் அமைப்பா அல்லது அந்த மருத்துவமனையா? அங்கே இவரோடு சேர்ந்து வேலை பார்க்கப்போகும் உள்ளூர்ப் பணியாளர் யார்? இவர் இங்கே செய்ய அனுமதி இல்லாத எதையாவது அங்கே செய்யப்போகிறாரா? மூன்றாவது கேள்வியை மருத்துவக் கல்லூரி நிர்வாகிகள் குறிப்பாக மனத்தில் கொள்ள வேண்டும். இங்கே தையல் போட அனுமதி இல்லாத மாணவர் அங்கே போய்த் தையல் போடக் கற்றுக்கொள்வதற்கு எந்த நியாயமும் கிடையாது. இந்த மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் கையெழுத்திடுங்கள். வராவிட்டால் மறுத்துவிடுங்கள், அதற்காக உங்களை யாரும் குறை சொல்ல முடியாது.

ஓய்வு பெறுகிறவர்களையும் மறந்துவிடாதீர்கள். பிரிவுபசார விழாவில் மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து அனுப்பும்போது, அந்த முப்பதாண்டு அனுபவத்துக்குக் காத்திருக்கும் இடங்கள் இருக்கின்றன என்று ஒரு வார்த்தை சொல்லலாம். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கும் இடம் உண்டு. பதினைந்தாண்டு அனுபவம் உள்ளவர்களுக்கென்றே அதில் தனிப் பிரிவு இருக்கிறது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர், 1966-இல் தம் 68-ஆம் வயதில் பீஸ் கோர் தன்னார்வலராக இந்தியாவுக்கு வந்து, மும்பைக்கு அருகே விக்ரோலியில் செவிலியராகப் பணியாற்றினார். அவரைப் போன்றவர்களுக்கு உங்கள் விடுப்பு விதிகூடத் தேவையில்லை. யாராவது ஒருவர் கேட்டால் போதும், புறப்பட்டுவிடுவார்கள்.

திரும்பி வருகிறவர்களை எப்படி எதிர்கொள்வது என்பதையும் யோசித்து வையுங்கள். வந்த முதல் வாரமே நிலுவைக் கோப்புகளை மேசையில் அடுக்காதீர்கள். ஒரு மாலை அவர்களைச் சக பணியாளர்கள் முன் பேசவிடுங்கள். படங்களைவிட அங்கே தவறிப்போன காரியங்களைச் சொல்லச் சொல்லுங்கள். அவற்றிலிருந்துதான் அடுத்துப் போகிறவருக்குக் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும். என் விஷயத்தில் அப்படி ஒரு மாலை கிடைத்திருந்தால், அந்த நான்கு மாதத் தூசியைப் பற்றித்தான் பேசியிருப்பேன்.

2026-ஆம் ஆண்டை நீடித்த வளர்ச்சிக்கான பன்னாட்டுத் தன்னார்வலர் ஆண்டாக ஐ.நா. பொதுச் சபை அறிவித்திருக்கிறது. இதற்கு முன் 2001-ஆம் ஆண்டும் பன்னாட்டுத் தன்னார்வலர் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது, டிசம்பர் 5-ஐ ஆண்டுதோறும் பன்னாட்டுத் தன்னார்வலர் நாளாகக் கொண்டாட 1985-இலேயே தீர்மானம் நிறைவேறியது. விழாக்களுக்கும் வாழ்த்துச் செய்திகளுக்கும் இந்த முறையும் குறைவிருக்காது. உங்கள் நிறுவனமும் ஒரு பதாகை கட்டக் கூடும். அந்தப் பதாகைக்கு ஆகும் செலவுகூட இல்லாத ஒன்றைத்தான் நான் கேட்கிறேன். உங்கள் அலுவலகத்தில் இருக்கும் விடுப்புப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். மகப்பேறு, மருத்துவம், உயர்கல்வி, சொந்தக் காரணம், இதர. ‘இதர’ என்பதற்கு மேலே ஒரு வரி எழுதும் அளவுக்கு இடம் இருக்கும்.

இப்படிக்கு,
மருத்துவக் கருவிகள் தொழில்நுட்பர் ஒருவர்